பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒரே கவரில்

கடை ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் முதல் ஆளே இதைத்தான் கேட்பார். "பிளீச்சிங் ஒரு பாக்கெட், ஆசிட் ஒரு பாட்டில். ரெண்டும் ஒரே கவர்ல போடுங்க."

பிள்ளைகளா, இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தங்கச் சுரங்க ஊர்ப் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி விற்கிறேன், பருப்பு விற்கிறேன், சோப்பு விற்கிறேன். எதற்கும் நான் வாய் திறப்பதில்லை. இந்த ஒரு கவருக்கு மட்டும் திறக்கிறேன். திறந்து என்ன பயன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

போன மாதம்கூட மைசூர் மைன்ஸ் பக்கமிருந்து ஒரு அம்மா வந்து இதையே கேட்டார்.

"ரெண்டையும் கலக்கக் கூடாதும்மா" என்றேன்.

"ஏன், கலந்தா இன்னா ஆவும்?"

"விஷ வாயு வரும். மூச்சு அடைக்கும்."

"எங்க ஊட்ல பத்து வருஷமா கலக்குறோம். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"கதவைத் திறந்து வெச்சிருப்பீங்க, கொஞ்சமா ஊத்தியிருப்பீங்க, அதனால தப்பிச்சீங்க."

"விக்கிறதுக்கு மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லு. இதுக்குப் போய் கத சொல்ற."

பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டையும் ஒரே கவரில் வாங்கிக்கொண்டு, என் கடை வழியாகவே, நான் பார்க்க வேண்டும் என்று ஆட்டிக்கொண்டே போனார்.

நான் பத்தாவதோடு நின்றவன். பெரிய படிப்பு எனக்கில்லை. ஆனால் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுப் படிப்பேன். உங்கள் அறிவியல் புத்தகத்தையும் நீங்கள் தூங்கிய பிறகு எடுத்துப் பார்ப்பேன். அதிலிருந்து எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பிளீச்சிங் பவுடர் வேறொன்றுமில்லை, சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் என்ற வாயுவைச் செலுத்துவார்கள். சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பவுடரைத் தண்ணீரில் போட்டால், பிடித்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிருமியைக் கொல்லும், பாசியை வெளுக்கும். குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில்கூட அளவாகப் போடுகிறார்கள். அளவாகப் போடுகிற வரைக்கும் அது நல்ல பிள்ளை.

ஆசிட் என்று நாம் கேட்டு வாங்குவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் வயிற்றில் சோறு செரிப்பதற்கும் இதேதான் மெல்லியதாகச் சுரக்கிறது. நம் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். பக்கெட், டைல்ஸ், குழாய் என்று எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆசிட் அந்த வெள்ளையைக் கரைக்கும். கரைக்கும்போது புசுபுசுவென்று நுரைக்கும். அந்த நுரை வெறும் கரியமில வாயு. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "ஆ, பவர் பாரு" என்று நம் ஜனங்கள் மயங்கிவிடுகிறார்கள்.

தனித்தனியாக இருந்தால் இரண்டும் வேலைக்காரர்கள். சேர்த்துவிட்டால், சுண்ணாம்பு பிடித்து வைத்திருந்த குளோரினை ஆசிட் ஒரே உதறலில் வெளியே தள்ளிவிடும். பச்சையும் மஞ்சளும் கலந்த வாயு. மூக்கு, தொண்டை, நெஞ்சு என்று ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். ஒட்டின இடத்தில் அந்த ஈரத்தோடு சேர்ந்து மறுபடி ஆசிட் ஆகும். கக்கூஸில் ஊற்றிய ஆசிட்டை நெஞ்சுக்குள் ஊற்றிக்கொண்ட மாதிரிதான். நல்ல உடம்புக்காரருக்கே இருமலும் கண்ணெரிச்சலும் வரும். மூச்சிரைப்பு உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும்.

நம் வீட்டில் மூச்சிரைப்பு யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனிக்காலத்தில் அம்மாவின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டுத்தானே நீங்கள் வளர்ந்தீர்கள். "ஒரு தடவை பெரிய அட்டாக் வந்துச்சுன்னா தாங்காது, புகை தூசிகிட்டப் போகாதீங்க" என்று டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இந்தக் கவரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஊரைத் திருத்துகிற ஆசையெல்லாம் எனக்கில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நம் ஊர் பாலகாட் பகுதியில் உங்கள் மாமா வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை, அடுக்குமாடி வீடு. உங்கள் அத்தைக்கு ஒரே கவலைதான். பெண்ணைப் பற்றிக் கவலையில்லை, பெண் லட்சணமானவள். பாத்ரூமைப் பற்றித்தான்.

மாமா இருப்பது மைன்ஸ் ஓடின காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு. முன்னால் ஒரு ரூம், உள்ளே சமையல், பின்னால் கொல்லை. பாத்ரூம் பிற்பாடு இவர்களாகக் கட்டினது. இடம் பள்ளமாக இருந்ததால் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். "எங்க ஊட்ல குளிக்கணும்னா கேஜ்ல இறங்கணும்" என்று, மைன்ஸில் வேலை பார்த்தவராயிற்றே, சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டோடு ஒப்பிட்டு மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மேலே கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதையும் பூனை வருகிறதென்று அட்டையால் அடைத்து வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மாமா கடைக்கு வந்து ஆசிட் கேட்டார்.

"வீட்ல பிளீச்சிங் கீதா மச்சான்?" என்று முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன்.

"இல்ல மாப்ள. இருந்தா இன்னா இப்போ?"

"ரெண்டும் சேரக் கூடாது."

அவர் சிரித்தார். கடையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "தங்கம் பிரிச்சுக் கொட்டின சயனைட் மண்ணு மேட்டுக்கு அடியில பொறந்து வளந்தவன் நானு. காத்தடிச்சா சோத்துல மண்ணு உழும், அத்த துன்னு வளந்த உடம்பு. கக்கூஸ் பவுடருக்குப் பயந்துக்கச் சொல்றீங்களே மாப்ள!"

கடையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்வது? வீட்டில் பிளீச்சிங் இல்லை என்றாரே, அது போதும் என்று பாட்டிலைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் உங்கள் அம்மா புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அண்ணிக்கு ஒத்தாசை செய்யப் போகிறாளாம்.

"போ, ஆனா தொடப்பத்தைத் தொடாத. பூரி தேய், சட்னி அரை, பாத்ரூம் பக்கம் போகாத."

"எங்க அண்ணன் பொண்ணுக்கு நான் செய்யாம வேற எவ செய்வா? நீங்க கடைய பாருங்க."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"டாக்டர் சொன்னதவிட நீங்க சொன்னதுதான் காதுல கொய்யினு கேட்டுக்கினே கீது. கம்முனு இருங்க."

போகும்போது கையில் ஒரு துணிப்பை. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசி அலமாரியில் பிரித்துப்போட்டு, காற்றுப்பட்டுக் கட்டி பிடித்துக் கிடந்த பிளீச்சிங் பாக்கெட்டைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். மற்ற பெண்கள் பிறந்த வீட்டுக்குப் பூ கொண்டுபோவார்கள், பழம் கொண்டுபோவார்கள்.

நடந்ததைப் பிறகு அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன். அம்மா கொண்டுபோன பவுடரைத்தான் முதலில் பாத்ரூம் முழுக்கத் தூவித் தேய்த்திருக்கிறார்கள். பழைய பவுடர் என்பதால் பாசி கொஞ்சம் போயிருக்கிறது. உப்புக் கறை அப்படியே நின்றிருக்கிறது. நிற்கத்தானே செய்யும்? உப்புக் கறை பிளீச்சிங்கின் வேலையே இல்லை. "இதுல பவரே இல்ல" என்று ஆசிட் பாட்டிலை எடுத்திருக்கிறார் அத்தை.

"நடுவுல தண்ணி ஊத்திக் கழுவிட்டு ஆசிட் ஊத்தியிருந்தாகூட இவ்வளவு ஆகியிருக்காதேம்மா" என்று அத்தையிடம் கேட்டேன்.

"தண்ணிக்கு எங்கண்ணா போறது? டேங்கர் வந்து ஒரு வாரம் ஆயிடுச்சி. மறுநாளு ஆளுங்க வராங்கன்னு ரெண்டு டிரம் பத்திரமா மூடி வெச்சிருந்தேன். நடுவுல ஒரு தபா, கடைசில ஒரு தபான்னு கழுவினா, வரவங்களுக்குக் காப்பி போட தண்ணி வேணாவா?"

நம் ஊரில் எதற்குப் போனாலும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, புது பக்கெட்டும் மக்கும் எடுத்துக்கொண்டு பாலகாட் போனேன். லைன் முனையில் திரும்பும்போதே மூக்கில் சுரீர் என்றது. பிளீச்சிங் வாசனைதான், ஆனால் பல மடங்கு. பக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அத்தை கொல்லையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பாத்ரூமில் ஆசிட்டை ஊற்றியதும் எழும்பிய நெடியில் அவர் மேலே ஓடி வந்துவிட்டார். கீழே மூலையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த உங்கள் அம்மாவால் சட்டென்று எழ முடியவில்லை. மாமா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி அவளைப் படி வரைக்கும் இழுத்து வந்திருக்கிறார். அதுவரைக்கும் சரி. தைரியமான காரியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் போய்ப் பார்க்கும்போது, படிக்கு அடியில், பாத்ரூம் வாசல் தரையில் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, ஈரத் துணியை முகத்தில் போட்டு, தலையைக் கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறார்!

"தலைய தூக்காத பாப்பா! தரையோட தரையா படு! புகை மேலதான் போவும், கீழ நல்ல காத்து கீது!"

"இன்னா பண்றீங்க மச்சான்! தூக்குங்க அவள!"

"உங்களுக்குத் தெரியாது மாப்ள. அண்டர்கிரவுண்ட்ல எங்களுக்கு இதான் சொல்லிக் குடுத்தது. சுரங்க லெவல்ல புகை வந்தா படு, தவழ்ந்து போ. நின்னவன் செத்தான்."

அவர் சொன்னது பொய்யில்லை. சுரங்கத்தில் மரச் சட்டத்தில் தீப்பிடித்தால், சூடான புகை மேலே எழும்பும். கீழே கொஞ்சம் நல்ல காற்று மிஞ்சும். அதற்குத் தவழ்ந்து போவதுதான் சரி. வேறு ஊர்க்காரராக இருந்தால் பயந்து வெளியே ஓடியிருப்பார். நம் ஊர்க்காரருக்கு மட்டும்தான் இந்தப் பாடம் உடம்பில் ஊறியிருக்கிறது. மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆகியும் கை கால் மறக்கவில்லை.

குளோரின் சூடான புகை இல்லை, பிள்ளைகளா. அது காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கும், தரையோடு தேங்கி நிற்கும். அவர் நல்ல காற்று என்று அவள் முகத்தை எங்கே அமுக்கினாரோ, அங்கேதான் விஷம் இருந்தது.

இதையெல்லாம் அப்போது நின்று விளக்க முடியுமா? "இது கனமான வாயு மச்சான், கீழதான் நிக்கும்" என்று கத்தினேன். "புகைன்னா மேலதான் போவும்" என்று அவர் கத்தினார். மனைவி மூச்சுக்குத் தவிக்கிறாள், புருஷனும் அண்ணனும் அவள் தலைக்கு மேலே வாதாடிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அவர் கையைத் தட்டிவிட்டு அவளைத் தூக்கினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. விசில் சத்தம்கூட இல்லை. விசில் வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். வீட்டுக்குள்ளே கொண்டுபோகாமல், கொல்லை வழியாக ரோட்டு மேட்டுக்கு ஏறினேன். காற்று எதிரிலிருந்து வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பி, நிமிர்த்தி உட்கார வைத்தேன். அவள் இடுப்புப் பையிலிருந்த மூச்சு மருந்து பம்ப்பை எடுத்து வாயில் அடித்தேன். கண்ணைக் கழுவத் தண்ணீர் கேட்டேன். டிரம்மைத் திறக்கலாமா என்று அத்தை ஒரு நொடி யோசித்தார். நான் பார்த்த பார்வையில் ஓடிப்போய் மொண்டுவந்தார்.

அதற்குள் லைனே கூடிவிட்டது.

"பால் குடுங்க, பால் விஷத்த முறிக்கும்."

"எலுமிச்சம்பழம் மோந்து பாக்கச் சொல்லு."

"நெஞ்சுல தைலம் தேய்ங்கப்பா."

"யாராவது ஒரு ஆட்டோ புடிங்கய்யா!" என்று கத்தினேன். மூச்சே விட முடியாதவள் வாயில் பாலை ஊற்றினால் அது எங்கே போகும்? இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பால் சொம்பு மட்டும் மூன்று வீட்டிலிருந்து வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், மருந்துப் புகை கொடுத்தார்கள். விசில் சத்தம் திரும்பி வந்தபோதுதான் நான் உட்கார்ந்தேன். அந்தச் சத்தத்துக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். கொஞ்சம் தேறியதும், "போலாங்க, அண்ணி தனியா கீறாங்க" என்று அவள் எழுந்தாள். "படும்மா" என்று நர்ஸ் அதட்டினார். இந்த வாயு பட்டவர் நன்றாகத்தான் இருப்பது போலத் தோன்றும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், அதனால் மறுநாள் வரை பார்த்துத்தான் அனுப்ப முடியும் என்றார் டாக்டர். இதை நீங்கள் மறக்கக் கூடாது. இருமல் நின்றுவிட்டது என்று யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஆட்கள் வந்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், "சந்தோஷம், போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று காரில் ஏறினார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட பாத்ரூம் பக்கம் போகவில்லை. அத்தை இதை ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்ததில் அம்மாவுக்கு மறுபடி இருமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா லைனில் சொன்ன கதை வேறு. "நான் மட்டும் தரையில படுக்க வெக்கலன்னா எங்க பாப்பா அன்னிக்கே பூட்டிருக்கும். மாப்ள வந்து சும்மா தூக்கினு போனாரு." கடைக்கு வருகிறவர்கள் இதை எனக்கே சொல்கிறார்கள். "உங்க மச்சான்தான் காப்பாத்தினாராமே?" நான் துவரம்பருப்பு நிறுத்துக் கொடுக்கிறேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் பிளீச்சிங் வாசனை பட்டாலே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் பின்னாலேயே நம் வீடு. மூட்டையை எந்த மூலையில் வைத்தாலும் வாசனை உள்ளே போகும். அதனால் பிளீச்சிங் விற்பதை நிறுத்திவிட்டேன். ஆசிட் மட்டும், கம்பெனி மூடி உடையாத பாட்டிலாக, மேல் தட்டில் இருக்கிறது. "இன்னா கடை இது, ஒரு பிளீச்சிங்கூட இல்லாம" என்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு என்னால் நல்ல வியாபாரம்.

போன வாரம் மாமா வந்தார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மறுபடி வீடு கழுவ வேண்டுமாம். "ஆசிட் ஒரு பாட்டில் குடுங்க மாப்ள" என்றார். அவர் கையிலிருந்த கவரைப் பார்த்தேன். பக்கத்துக் கடையில் வாங்கின புதுப் பிளீச்சிங் பாக்கெட்.

அவர் முகத்தைப் பார்த்தேன், கவரைப் பார்த்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"இந்தத் தபா கலக்க மாட்டோம். ஒண்ணு ஊத்திட்டு அப்புறம்தான் இன்னொண்ணு" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா வந்து கதவருகே நின்றாள். பேச வாயைத் திறந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கவரின் வாசனைக்கே நெஞ்சு இழுத்துக்கொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. மாமா கவரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார். தூரத்தில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றார்.

"அண்ணா" என்றாள் அம்மா, பம்ப்பை அடித்துக்கொண்ட பிறகு. "இன்னிக்கு அந்தப் பிளீச்சிங்க மட்டும் எட்த்துக்கினு போ. ஆசிட் இங்கயே இருக்கட்டும். டேங்கர் வந்து நல்லா கழுவி ஊத்தின பிறகு, நீயே வந்து வாங்கிக்கினு போ."

மாமா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, மனசார வருத்தப்பட்டுச் சொன்னார்.

"இத்த இவ்ளோ தெளிவா நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாப்ள."

நான் ஸ்டூலில் ஏறி, பாட்டிலை மேல் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.